வயருக்கு மேல வெடிச்ச டைல்ஸ்

கேள்வி: ஐயா, நான் திருகோணமலையில முப்பது வருசமா டைல்ஸ் பதிக்கிறன். லண்டனில இருக்கிற மகளிட்ட அடுத்த மாசம் போறன். அவையின்ர மேல்மாடி பாத்ரூமில மூண்டு டைல்ஸ் வெடிச்சுக் கிடக்காம், நான் இருக்கேக்க ஏன் வேற ஆள் எண்டு சொல்லிப்போட்டன், பிறகுதான் மருமகன் சொல்லுறார் தரைக்குக் கீழ ஹீற்றர் வயர் ஓடுது மாமா எண்டு. கரண்ட் வயருக்கு மேல உளி பிடிச்சுப் பழக்கமில்லை. தொடலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: தொடலாம் அண்ணே. ஆனா இஞ்ச உடைக்கிற மாதிரி உடைக்கக் கூடாது. நான் அங்க இருந்த காலத்தில இதே வேலையில ஒரு வயரை வெட்டிப்போட்டு அந்த வீட்டுக்காரரிட்ட தலைகுனிஞ்சு நிண்டனான், அதாலதான் விரிவாச் சொல்லுறன்.

அந்த வயர் மூண்டு நாலு மில்லிமீற்றர் தடிப்புத்தான். ஒரு வலைப்பாயில பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு, டைல்ஸுக்கு அடியில இருக்கிற பசைக்குள்ளயே கிடக்கும். முழுப் பாத்ரூமுக்கும் ஒரே வயர், ஒரு இடத்தில அறுந்தா எல்லா இடமும் குளிர்தான். அதால முதல்ல கையில எடுக்க வேண்டியது மல்டிமீற்றர், உளி பிறகு. மெயின் போர்டில அந்த லைனை நிப்பாட்டி, சூட்டைக் கட்டுப்படுத்திற தெர்மோஸ்டாற்றைக் கழட்டி, ஹீற்றர் வயர் ரெண்டுக்கும் இடையில மின்தடை எத்தினை ஓம் எண்டு ஒரு எலெக்ட்ரீசியனை வைச்சுப் பாருங்கோ. சதுர மீற்றருக்கு 150 வொட் பாய் 4 சதுர மீற்றருக்குப் போட்டிருந்தா 600 வொட், அங்கயும் 230 வோல்ட்தான், அப்ப 88 ஓம் அளவில காட்டவேணும். அந்த எண்ணைச் சுவரில ஒரு துண்டில எழுதி ஒட்டுங்கோ, ஒவ்வொரு டைல்ஸ் கழட்டினாப் பிறகும் திரும்ப அளக்கவேணும். வயருக்கும் ஏர்த்துக்கும் இடையில மீற்றர் தொடர்பு எதுவும் காட்டக்கூடாது.

கிரைண்டர், பிரேக்கர் ரெண்டையும் மறந்திடுங்கோ. டைல்ஸ் இடுக்கை நிரப்பியிருக்கிற கிரவுட்டை கையால சுரண்டுங்கோ, டைல்ஸ் தடிப்புக்குக் கீழ சுரண்டுற தகடு இறங்கக் கூடாது, தகட்டில டேப் ஒட்டி ஆழத்தைக் குறிச்சு வைச்சா மனம் பதறாது. பிறகு டைல்ஸின்ர நடுவில சின்னச் சுத்தியலால மெல்லத் தட்டி உடைச்சு, உளியைத் தரையோட படுக்க வைச்சு, நடுவில இருந்து ஓரத்துக்குத் துண்டு துண்டாக் கிளப்புங்கோ. உளி நிமிந்தா வயர் போச்சு. பழைய பசையை முழுக்கச் சுரண்டாதேங்கோ, எழும்பி நிக்கிறதை மட்டும் சீவினாக் காணும். வயரோட மெல்லிசா, சூட்டை அளக்கிற ஒரு சென்சர் வயரும் வரும், அதையும் கவனியுங்கோ.

அப்பிடியும் வெட்டுப்பட்டா முறுக்கி டேப் சுத்துற வேலை வேண்டாம் அண்ணே, ஈரமான தரை அது. இதுக்கெண்டே ரிப்பேர் கிற் இருக்கு, எலெக்ட்ரீசியன் போட்டுத் தருவார்.

ஆனா எனக்குப் பெரிய கவலை வேற. மூண்டும் ஏன் வெடிச்சது? லண்டன் வீடுகளில மேல்மாடி கூடுதலாப் பலகைத் தளம், எங்கட கொங்கிறீட் பிளேட் இல்லை. வெடிப்பு ஒரே கோட்டில ஓடுதெண்டா கீழ பலகை மூட்டு அசையுதெண்டு நினைக்கலாம், அப்ப மூண்டை மாத்தினாலும் திரும்ப வெடிக்கும், முழுத்தரையையும் எழுப்பி வேலை செய்யவேணும். பக்கத்து டைல்ஸையும் தட்டிப் பாருங்கோ, பொள்ளல் சத்தம் வந்தா கீழ பசை இல்லை. வயரைச் சுத்திக் காத்து நிண்டா அந்த இடத்தில சூடு வெளியேறாம வயரே கெட்டுப்போகும். அதால நாலு மூலைக்கு நாலு உருண்டை வைச்சு ஒட்டுறது, சீமெந்துப் பால் ஊத்துறது ரெண்டும் அங்க சரிவராது. பையில எஸ்1 எண்டு போட்டிருக்கிற வளையிற பசை வாங்கி, பிளாஸ்டிக் கரண்டியால இடைவெளியில்லாமப் பூசுங்கோ. சுவரும் தரையும் சேருற ஓரத்துக்கு கிரவுட் இல்லை, சிலிக்கோன்.

ஒட்டி முடிஞ்ச கையோட ஹீற்றரைப் போட்டுக் காய வைக்கச் சொல்லுவினம். விடாதேங்கோ. பசை தானாக் காயவேணும், பையில போட்டிருக்கிற நாள்க் கணக்குப்படி ஒண்டு ரெண்டு கிழமை பொறுத்து, பிறகு சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ.

இண்டைக்கே மருமகனிட்ட ஒண்டு கேளுங்கோ: டைல்ஸ் ஒட்ட முதல் அந்தப் பாயைப் படம் எடுத்து வைச்சவையோ, ஹீற்றரின்ர கியாரண்டி கார்ட்டில ஓம் கணக்கு எழுதியிருக்கோ எண்டு. ரெண்டும் இல்லையெண்டா சூட்டைப் படமாக் காட்டுற தேர்மல் கமெரா ஒண்டை வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கோ, ஹீற்றரைப் போட்டுப் பாத்தா வயர் ஓடுற பாதை தெரியும், சோக்கால கீறி வைச்சிட்டுத் தொடங்கலாம்.