யோசேப்புக்காக அழலாம், பென்யமினைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி:

கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறம், கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு வயது 60. மூத்த மகனை 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில பஸ்ஸில ஏத்தினதைக் கண்டதுதான் கடைசி. அப்ப அவனுக்கு 19. கடைக்குட்டி அப்ப என்ர இடுப்பில இருந்தவள். இப்ப அவளுக்குப் பேராதனைக் கம்பஸ் கிடைச்சிருக்கு. அனுப்ப மனம் வரேல்ல. அவளும் ஒண்டும் கதைக்கிறாளில்லை. செபக்கூட்டத்தில ஒருவர், "ஆபிரகாம் ஈசாக்கைக் குடுத்த மாதிரி மகனைப் பலியாக் குடுத்திட்டன் எண்டு நினையுங்கோ, அழுறது விசுவாசக் குறைவு" எண்டார். அதுக்குப் பிறகு பூசைக்குப் போகவும் விருப்பமில்லை. வெள்ளிக்கிழமைகளில அவனுக்காக வெறும் தேத்தண்ணியோட ஒருசந்தி இருக்கிறன். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறனான், மத்தியானத்தில தலை சுத்துது. நான் செய்யிறது பிழையோ?

— ஒரு தாய்

பதில்:

அம்மா, அந்த ஒப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. தொடக்க நூல் 22இல் ஆபிரகாமிடம் கேட்கப்பட்டது, அவர் சம்மதித்தார், கடைசியில் கை தடுக்கப்பட்டு ஈசாக்கு உயிரோடு வீடு திரும்பினான். உங்களிடம் யாரும் கேட்கவில்லை. பறிபோனதற்குப் பலி என்று பெயர் வைக்க முடியாது. தம் உயிரை எவரும் பறிப்பதில்லை, தாமாகவே கொடுப்பதாக இயேசு சொல்வது (யோவான் 10:18) இந்த வேறுபாட்டைத்தான். உங்கள் இழப்பைப் பலியாக்கி அழுகையை அடக்கச் சொல்வது வேதமல்ல, கேட்பவரின் சங்கடம்.

உங்களுக்குக் கிட்டவாக இருப்பவர் யாக்கோபு. காணாமல் போன மகன் யோசேப்பின் உடல் அவருக்குக் கிடைக்கவில்லை, இரத்தம் தோய்ந்த அங்கி ஒன்றுதான் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் தேற்றியும் அவர் ஆறுதல் பெற மறுத்தார் (தொடக்க நூல் 37:35). அதற்காக வேதம் அவரை ஓரிடத்திலும் கண்டிக்கவில்லை. உடலோ உறுதியான செய்தியோ இல்லாத இழப்பில், "இருக்கிறான்", "இல்லை" என்ற இரண்டு நினைப்பும் ஒரே நாளில் மாறிமாறி வரும். அது மனநோயுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. எதையாவது ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி நெருக்கும்போதுதான் ஆள் உடைந்துபோவார். பூசைக்கருத்துக் கொடுக்கும்போதும் இந்தச் சங்கடம் வருமானால், "மகனுக்காக" என்று பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள். உயிரோடிருப்பவருக்கும் இறந்தவருக்கும் பூசை ஒப்புக்கொடுக்கலாம்.

ஆனால் அதே யாக்கோபு பஞ்சம் வந்தபோது பத்து மகன்மாரை எகிப்துக்கு அனுப்பிவிட்டு, கடைசி மகன் பென்யமினை மட்டும் பிடித்து வைத்தார். போனவர்களில் ஒருவரான சிமியோன் அங்கே சிறையில் இருக்க, வீட்டில் தானியம் முடிகிறவரைக்கும் விடவில்லை. பிறகு விட்டார், வெறுங்கையோடும் அல்ல: தேன், வாசனைப் பொருள், வாதுமைக்கொட்டை, இரட்டிப்புப் பணம் (தொடக்க நூல் 43:11-14). யோசேப்பு கிடைத்ததுபோல் உங்கள் மகனும் கிடைப்பான் என்று இதிலிருந்து நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பென்யமினை விட்டபோது யாக்கோபுக்கும் எதுவும் தெரியாது. நான் எடுப்பது இவ்வளவுதான்: அண்ணனுக்கான துக்கத்தின் விலையைத் தங்கை கட்டக்கூடாது. அவள் கதைக்காமல் இருப்பது, போக ஆசைப்படுவதே துரோகம் என்று நினைப்பதாலும் இருக்கலாம். "போ" என்ற சொல் உங்கள் வாயாலேயே வரவேண்டும். தகப்பனோ மாமியோ சொன்னால் அது பாதி அனுமதிதான்.

போவதற்கு முன் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ சொந்தக்காரர் வீட்டில் ஓரிரவும், பிறகு மூன்று இரவும் விட்டுப் பாருங்கள். இரவு 8 மணிக்கு ஒரு அழைப்பு என்று இருவரும் பேசி வையுங்கள். எடுக்காவிட்டால் அரை மணி கழித்து இன்னொன்று, அதற்கும் பதில் இல்லையென்றால் அறைத்தோழிக்கு. திரும்பத் திரும்ப எடுத்தால் பத்து நிமிடம் மனம் ஆறும், பிறகு பயம் முன்னையதைவிடக் கூடும். ஒவ்வொரு அழைப்பும், "எடுத்ததால்தான் அவள் தப்பினாள்" என்று மனதைப் பழக்கிவிடும். முதல் மூன்று நான்கு கிழமை கடுமையாகத்தான் இருக்கும்.

அழுவதற்கு நாளில் அரை மணி ஒதுக்குங்கள், படுக்கப் போகும் நேரமாக வேண்டாம். திருப்பாடல் 13ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் "எவ்வளவு காலம்" என்ற கேள்வி நான்கு முறை வரும், அதைச் சத்தமாகச் சொல்லலாம். கடைசி இரண்டு நம்பிக்கை வசனங்கள் வாயில் வராத நாளில் நான்காவதோடு மூடிவிடுங்கள். திருப்பாடல் 88 இருளோடுதான் முடிகிறது, அதையும் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது.

ஒருசந்தியை இப்போதே நிறுத்துங்கள். கட்டாய ஒருசந்தி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான், அதுவும் 18 முதல் 59 வயதுவரை. நோயாளருக்கு அதிலும் விலக்கு உண்டு. கிளிக்ளசைட் போன்ற சீனி வருத்தக் குளிசை வெறும் வயிற்றிலும் வேலை செய்து சீனியை இறக்கிவிடும். தலைசுற்று, வியர்வை, கைநடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொரு முறை, பிறகு சோறோ பாணோ சாப்பிடுங்கள். அடுத்த கிளினிக்கில் இந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். வாழப் பிடிக்காத நினைப்பு எப்போதாவது வந்தால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.