எச்பிவி தடுப்பூசி என்றால் ஆசிரியர்கள் ஏன் நழுவுகிறோம்?

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸைத் தடுக்கும் ஊசி பற்றி ஆசிரியர்களுக்குத் தெரியுமா, தெரிந்தவர்களாவது ஏற்கிறார்களா என்பது கேள்வி. நான் உயிரியல் நடத்துகிறவன். எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் சம்மதப் படிவம் கொடுத்த வாரம் ஒரு அம்மா வந்தார். "உறவு மூலமா பரவுற கிருமியாமே சார். என் பொண்ணுக்குப் பத்து வயசு. இப்பவே எதுக்கு?" என்றார். "டாக்டரைக் கேளுங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சம்.

பதில் என்னவோ எளிதுதான். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட தொற்றை இந்த ஊசி விரட்டாது. வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளை முதலில் வைப்பது அதனால்தான். பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்டாஃப் ரூமில் பேச்சுக் கொடுத்தபோதுதான் மற்றவர்களின் சந்தேகங்களும் வெளியே வந்தன. ஊசியே நோயைக் கொடுத்துவிடாதா என்றார் ஒருவர். அதில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும், மரபுப்பொருள் கிடையாது, தொற்ற வழியே இல்லை. பெண்களுக்கு மட்டும்தானே என்றார் இன்னொருவர். தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களிலும் இதே வைரஸுக்குப் பங்குண்டு, அவை ஆண்களுக்கும் வரும். என் பங்குக்கு நானும் ஒரு தப்பை வைத்திருந்தேன்: ஊசி போட்டால் பிற்காலத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையே தேவையில்லை என்று. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு; அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். எல்லா வகைகளையும் ஊசி தடுத்துவிடாது; பரிசோதனை வேண்டும்தான்.

"எதுக்கும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்பவர்களிடம் ஜப்பானைச் சொல்வேன். பக்கவிளைவுச் செய்திகள் பரவியதும் 2013இல் அந்த அரசு ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தி வைத்தது. சுமார் 70 சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருந்த ஊசி, 1 சதவீதத்துக்கும் கீழே போனது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மாவைப் பார்த்து விளக்கினேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். மகளுக்குப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.