ஸ்போர்ட் பட்டனும் ஆயில் சூடும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நெடுஞ்சாலையில் காரின் கம்ஃபர்ட் மோடில் என்ஜின் ஆயில் 98 டிகிரி காட்டுகிறது. அதே வேகத்தில் ஸ்போர்ட்டுக்கு மாற்றினால் 105-க்குப் போகிறது. என்ஜினுக்குக் கெடுதலா?

இல்லை. பட்டன் ஆயிலைச் சூடாக்குவதில்லை, அது பிடித்து வைக்கும் கியர்தான் சூடாக்குகிறது. இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக்கில் 6-வது கியரின் விகிதம் (கியர்பாக்ஸின் வெளித்தண்டு ஒருமுறை சுற்ற என்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 1.0, 8-வதின் விகிதம் சுமார் 0.67. கம்ஃபர்ட் 8-ல் 1,700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,700 சுற்று) ஓடினால், ஸ்போர்ட் 6-ல் அதே வேகத்துக்கு 2,550 சுற்றும். என்ஜின் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குள் ஆயில் படலம் இழுபடும்போது பிறக்கும் வெப்பம், சுற்று ஏறுவதைவிட வேகமாக ஏறும். அந்த 7 டிகிரி வந்த வழி இதுதான். சந்தேகம் இருந்தால் என்ஜினையும் சஸ்பென்ஷனையும் ஸ்போர்ட்டிலேயே விட்டு, கியர்பாக்ஸை மட்டும் கம்ஃபர்ட்டுக்கு மாற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எண் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஸ்டீயரிங், டாம்பர் அமைப்புகளுக்கும் ஆயில் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: நெரிசலில் ஈகோ மோடில் மெதுவாகத்தான் போகிறேன். ஆனாலும் ஆயில் 108 வரை போகிறது. விரட்டி ஓட்டினால் குறைகிறது! மீட்டர் பழுதா?

மீட்டர் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல கார்களில் தெர்மோஸ்டாட்டை (என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வை) என்ஜின் கணினிதான் கட்டுப்படுத்துகிறது. பிஎம்டபிள்யூவின் என்52 என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள் (இசட்4 3.0எஸ்ஐ-யில் இருந்தது இதுதான்). சுமை குறைவாக இருந்தால், உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்த கூலன்ட்டையே 105 முதல் 112 டிகிரி வரை வேண்டுமென்றே ஏற்றி வைக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டினால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பி வெடிப்பது) வராமலிருக்க இலக்கை 95-க்கும் கீழே இறக்கிவிடும். கூலன்ட் போகும் திசையில்தான் ஆயிலும் போகும். நெரிசலில் காற்றோட்டமும் இல்லை. ஆயில் 120-ஐத் தாண்டினாலோ கூலன்ட் எச்சரிக்கை எரிந்தாலோதான் ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் ஸ்போர்ட் போட்டு விரட்டலாமா?

கூடாது. கூலன்ட் முந்திவிடும், ஆயில் பின்தங்கியே வரும். கூலன்ட் 90 தொட்ட நேரத்தில் ஆயில் 50, 60-ல் நிற்பது சாதாரணம். ஒரு 0டபிள்யூ-40 ஆயில் (முதல் எண் குளிரிலும் இரண்டாவது எண் சூட்டிலும் உள்ள தடிமனின் தரம்) 40 டிகிரியில் இருக்கும் தடிமன், 100 டிகிரியில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பம்ப் அதைத் தள்ளத் திணறும்போது அழுத்த மீட்டர் உயர்வாகக் காட்டும், ஆனால் ஓட்டம் குறைவு. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆயில் 80-ஐத் தொடும்வரை 3,500–4,000 ஆர்பிஎம்முக்குள், பாதி ஆக்சிலரேட்டரில் ஓட்டுங்கள். ஆயில் மீட்டர் இல்லாத காரில், கூலன்ட் நிலைபெற்ற பிறகு இன்னும் 8–10 கிலோமீட்டர் பொறுங்கள். பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காரின் ஆர்பிஎம் மீட்டரில் ஆயில் சூடாகச் சூடாக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து மேல் சுற்றுகளுக்கு வழிவிடும். இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

நின்ற இடத்தில் ஐடிலில் விட்டுச் சூடாக்குவது வீண் வேலை. பெட்ரோல் அதிகமாகக் கலந்து எரிய, எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே சம்ப்புக்குள் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள்) இறங்கும். தினமும் 5 கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் டிப்ஸ்டிக் அளவு குறையாமல் ஏறினால், அது ஆயில் அல்ல, பெட்ரோல். முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

கேள்வி: டிராக்கில் நாலாவது சுற்றிலேயே 132 டிகிரி. எதுவரை விடலாம்?

நல்ல முழு சிந்தெடிக் ஆயில் 130–135-ஐச் சிறிது நேரம் தாங்கும். 140-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் சூட்டைவிட ஆயில் அழுத்தத்தைக் கவனிப்பது முக்கியம். அதே ஆர்பிஎம்மில் சுற்றுக்குச் சுற்று அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால், எண் 125-ஆக இருந்தாலும் வேகத்தைக் குறையுங்கள். சூட்டை இறக்க முதல் வழி ஒரு கியர் மேலே போடுவது. மேனுவல் ஷிஃப்ட்டில் 7,000-க்குப் பதில் 6,000-ல் மாற்றினால் நேர இழப்பு சொற்பம், சூடு கணிசமாக இறங்கும். முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்து ஓட்டினால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது, அரைக் கார் அகலம் விலகி ஓடுங்கள். ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது, அதையும் அணையுங்கள். கடைசிச் சுற்று முழுவதும் 3,000-க்குள். டர்போ காராக இருந்தால், உள்ளே வந்ததும் சட்டென்று அணைத்துவிடாதீர்கள். அப்படி அணைத்தால் டர்போ பேரிங்கில் நின்றுபோன ஆயில் வெந்து கரியாகிப் படியும்.

கேள்வி: 0டபிள்யூ-20 சொன்ன என்ஜினில் 10டபிள்யூ-60 ஊற்றினால் சூடு குறையுமா?

குறையாது, சூடு ஏறும்! தடித்த ஆயில் உள்ளே அதிகம் உரசும். வால்வ் டைமிங் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதால் குளிரில் தாமதமாகப் பதிலளித்து பிழைக்குறி காட்டலாம். கையேடு அனுமதிக்கும் ஒரு படி மேலான தடிமன் போதும். நிஜமான தீர்வு ஆயில் கூலர். ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் சாண்ட்விச் பிளேட் கட்டாயம் தெர்மோஸ்டாட் உள்ளதாக இருக்கட்டும். அது 80 டிகிரி வாக்கில் திறக்கும். தெர்மோஸ்டாட் இல்லாததைப் போட்டால் சாலையில் ஆயில் 65-லேயே குந்திவிடும். ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, ஆயில் தடவி உட்காரவையுங்கள், பெரும்பாலான கசிவு அங்கேதான். ஹோஸ் சேசிஸில் உரசும் இடத்தில் ரப்பர் கிளாம்ப் வேண்டும். கூலரும் ஹோஸும் அரை முதல் ஒரு லிட்டர் ஆயிலைக் குடிக்கும். ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகு அளந்து நிரப்புங்கள்.

கேள்வி: நண்பரின் அதே மாடலில் எப்போதும் 8 டிகிரி குறைவாகக் காட்டுகிறதே?

அவர் பார்ப்பது சம்ப்பிலுள்ள சென்சாராகவும், நீங்கள் பின்னால் மாட்டிய மீட்டர் ஃபில்டர் பக்கத்து சென்சாராகவும் இருக்கலாம். இடம் மாறினால் எண்ணும் மாறும். ஆயில் அளவையும் இருவரும் ஒரே சூட்டில் பாருங்கள். 20-லிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது 6 லிட்டர் ஆயில் ஏறக்குறைய 300 மில்லி விரியும்.