மாற்றிய மூட்டில் சீழ்: மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை நோய் உண்டு. 7 மாதங்களுக்கு முன் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். 3 மாதமாக வலி. இப்போது தழும்பின் ஓரத்தில் துவாரம் விழுந்து சீழ் கசிகிறது. மூன்று முறை மாத்திரை மாற்றியும் கேட்கவில்லை. கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ‘எம்.ஆர்.எஸ்.ஏ’ என்ற கிருமி என்று வந்திருக்கிறது. மூட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். மாத்திரையிலேயே குணமாகாதா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்த நிலையில் மாத்திரையால் மட்டும் குணமாகாது.

தண்ணீர்க் குடத்தை ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் உட்புறம் வழவழவென்று ஆகிவிடும். எத்தனை முறை அலசினாலும் போகாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். செயற்கை மூட்டின் மேலும் கிருமிகள் இப்படித்தான் படலம் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் அவை மந்தமாகக் கிடப்பதால் மருந்துக்கு எளிதில் சாவதில்லை. போதாததற்கு, எம்.ஆர்.எஸ்.ஏ வழக்கமான பென்சிலின் வகை மருந்துகளுக்கு அசையாத கிருமி.

தொற்று ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே தெரிந்திருந்தால், மூட்டைக் கழற்றாமல் சுத்தம் செய்து, நடுவிலுள்ள பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கலாம். துவாரம் விழுந்தபின் அது பெரும்பாலும் பலிப்பதில்லை.

அதனால்தான் இரண்டு கட்ட ஆபரேஷன். முதலில் மூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தற்காலிகமாக, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் துண்டு (ஸ்பேசர்) வைப்பார்கள். பிறகு சுமார் 6 வாரம் ஊசி மருந்து, பெரும்பாலும் வான்கோமைசின். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். கிருமி அடங்கியபின் புது மூட்டு. நடுவில் வாக்கரோடு நடக்கும் மாதங்கள் கஷ்டமானவைதான். காலைக் காப்பாற்றத்தான் அந்தக் கஷ்டம்.

இடையில் லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் வாரம் ஒருமுறை ரத்த அணுக்களைப் பரிசோதியுங்கள். பார்வை மங்கினாலோ பாதம் மரத்தாலோ உடனே சொல்லுங்கள். அது அந்த மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், ‘எல்லாம் சர்க்கரையால்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கல்ச்சருக்கு மாதிரி எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். கசியும் சீழைப் பஞ்சில் தொட்டு எடுத்திருந்தால் அதை முழுதாக நம்ப முடியாது, தோலில் உள்ள கிருமியும் சேர்ந்து வந்துவிடும். மூட்டுக்குள்ளிருந்து ஊசியில் உறிஞ்சிய நீரும் ஆபரேஷனில் எடுக்கும் திசுவும்தான் சரியான மாதிரி. அந்த மாதிரியை எடுக்கும்வரை கடையில் கேட்டு நான்காவது மாத்திரை வாங்காதீர்கள், கிருமி கல்ச்சரில் தெரியாமல் போய்விடும். குளிர்காய்ச்சலோ மயக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால், புதுச்சேரி ஜிப்மர் உங்களுக்குப் பக்கம்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.