வாளும் டிராகனும்: பழைய ‘டிராக்கன்கார்ட்’ வட்டை இன்று விலை கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: தரையில் வாளேந்திப் படைகளோடு மோதுவதும், டிராகன் மீதேறி வானில் பறந்து போரிடுவதும் ஒரே விளையாட்டில் சேர்ந்திருக்கின்றன என்று ‘டிராக்கன்கார்ட்’ பற்றிக் கேள்விப்பட்டேன். என்னிடம் பழைய பிளேஸ்டேஷன் 2 நல்ல நிலையில் இருக்கிறது. இணையத்தில் ஒருவர் இதன் வட்டைப் பெட்டியுடன் விற்பனைக்கு வைத்திருக்கிறார். விலை சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. இவ்வளவு பழைய விளையாட்டுக்குப் பணம் கொடுப்பது தகுமா? புதுப்பித்த பதிப்பு வரும் வரை காத்திருப்பது மேலா?

பதில்: உங்களிடம் இயங்கும் கருவி ஏற்கெனவே இருப்பதால், வாங்கலாம் என்பதே என் பரிந்துரை. ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

டிராக்கன்கார்டைக் கேவியா என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கியது. யோகோ டாரோ இயக்கினார். ஜப்பானில் 2003 செப்டம்பரில் ‘டிராக்-ஆன் டிராகூன்’ என்ற பெயரில் ஸ்கொயர் எனிக்ஸ் இதை வெளியிட்டது. 2004-இல் வட அமெரிக்காவில் அதே நிறுவனமும், ஐரோப்பாவில் டேக்-டூ நிறுவனமும் வெளியிட்டன. பெருங்கூட்டத்தை ஒற்றை ஆளாக வெட்டி வீழ்த்தும் ‘டைனஸ்டி வாரியர்ஸ்’ வகைச் சண்டையையும், ‘ஏஸ் காம்பாட்’ வகை வான்போரையும் ஒன்றாக்கிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது இது. பிறப்பில் இருந்த அந்த எண்ணம் விளையாட்டு முழுவதும் தெரிகிறது. நல்ல பக்கமும் குறையும் அதிலிருந்தே வருகின்றன.

வாளும் டிராகனும் சேர்ந்த விளையாட்டு என்று யார் விற்றாலும், வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டும் ஒரே களத்தில் நிகழ்கின்றனவா, அல்லது வாளுக்கு ஒரு கட்டம், டிராகனுக்கு வேறொரு கட்டம் என்று தனித்தனியாகக் கிடக்கின்றனவா? டிராக்கன்கார்டில் வானில் மட்டும் நடக்கும் கட்டங்களும், டிராகன் நுழைய முடியாத கோட்டைக்குள் நடக்கும் கட்டங்களும் இருக்கின்றன. ஆனால் அதன் உயிர் திறந்தவெளிப் போர்க்களங்களில்தான் இருக்கிறது. நாயகன் கைம் வாளோடு கூட்டத்துக்குள் நிற்கிறான். சுற்றி வளைக்கப்பட்டால் டிராகனை அழைத்து ஏறிக்கொள்ளலாம். அது தாழப் பறந்து நெருப்பை உமிழ்ந்து அணிவகுப்பைக் கலைக்கும். அந்த நெருப்புக்கு அசையாத கவசம் பூண்ட வீரர்கள் எதிர்ப்பட்டால், மீண்டும் இறங்கி வாளால்தான் முடிக்க வேண்டும். ஏறுவதா, இறங்குவதா என்று களத்தின் நடுவில் நீங்களே முடிவெடுக்கும் அந்த நொடிகள் பிற்காலத்தில் வந்த பல விளையாட்டுகளில்கூடக் கிடைப்பதில்லை. நீங்கள் கொடுக்கும் விலை அதற்குத்தான்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தரைச் சண்டை ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வரும். தொலைவில் உள்ளவை மூட்டத்தில் மறைந்திருந்து, அருகே சென்ற பிறகே கண்ணுக்குத் தெரியும். மேற்கத்தியச் செவ்வியல் இசையைத் துண்டு துண்டாக வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி அடுக்கிய பின்னணி இசை சிலருக்குத் தலைவலியைத் தரும். கதையின் பித்துப் பிடித்த மனநிலைக்கு அது மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. கதைக்கு ஐந்து முடிவுகள் உள்ளன. ஐந்தாவதைக் காண 65 ஆயுதங்களையும் சேர்த்தாக வேண்டும். ஒவ்வோர் ஆயுதமும் வீழ்த்திய எதிரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நான்கு நிலைகள் வரை வளரும். வளர வளர அந்த ஆயுதத்துக்குரிய ஒரு சிறுகதையும் பகுதி பகுதியாகத் திறக்கும். பொறுமை உள்ளவருக்கு இது விருந்து. விடுமுறை நாள் ஒன்றில் முடித்துவிடலாம் என்று நினைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ‘நியர்’ வரிசை விளையாட்டுகளை விரும்பி ஆடியவர் நீங்கள் என்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது: 2010-இல் தொடங்கிய அந்த வரிசையின் கதை இந்த ஐந்தாம் முடிவிலிருந்துதான் கிளைத்தது.

காத்திருப்பது பற்றிக் கேட்டீர்கள். நியர் பெரும்புகழ் பெற்று, அதன் முதல் விளையாட்டு 2021-இல் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்த போதும், டிராக்கன்கார்ட் பிற்கால பிளேஸ்டேஷன்களுக்கோ கணினிக்கோ மறுவெளியீடாக வரவில்லை. ஆகவே, வராத ஒன்றை நம்பி இருக்கும் வட்டை விட்டுவிட வேண்டாம். விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் தொகையை அளவுகோலாகக் கொள்ளாமல், ஏலத் தளங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள். பெட்டியும் கையேடும் சேர்ந்தது ஒரு விலை, வட்டு மட்டும் என்றால் வேறு விலை. விளையாடுவதுதான் நோக்கம் என்றால் வட்டு மட்டுமே போதும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அங்கே மலிவாகக் கிடைக்கும் டிராக்கன்கார்ட் வட்டை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். இங்கே வாங்கிய பிஎஸ் 2-இல் (பிளேஸ்டேஷன் 2) அது ஓடுமா? ஓடாவிட்டால் பிஎஸ் 3 அல்லது பிஎஸ் 5-இல் போட்டு விளையாடலாமா?

பதில்: மாற்றம் எதுவும் செய்யப்படாத கருவியில் ஓடாது. பிஎஸ் 2 வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு உண்டு; ஒரு மண்டலத்து வட்டு வேறு மண்டலத்துக் கருவியில் ஓடாது. இந்தியாவில் சோனி விற்ற பிஎஸ் 2 ஐரோப்பாவைப் போன்ற ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை வகையைச் சேர்ந்தது. அமெரிக்க வட்டும் ஜப்பானிய வட்டும் அதில் இயங்கா. வட்டின் மேற்புறத்திலும் பெட்டியின் முதுகிலும் அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டைப் படித்தாலே மண்டலம் தெரிந்துவிடும்: எஸ்எல்இஎஸ் என்று தொடங்கினால் ஐரோப்பியப் பதிப்பு, எஸ்எல்யூஎஸ் என்றால் அமெரிக்கப் பதிப்பு, எஸ்எல்பிஎம் என்றால் ஜப்பானியப் பதிப்பு. உங்களுக்கு வேண்டியது முதலாவது. விற்பவரிடம் இந்தக் குறியீடு தெளிவாகத் தெரியும் படத்தைக் கேட்டு வாங்கிய பிறகே பேரம் பேசுங்கள். ஜப்பானியப் பதிப்பின் பேச்சும் எழுத்தும் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நம் ஊரில் கைமாறும் பழைய பிஎஸ் 2 கருவிகள் பலவற்றில் பூட்டைத் தாண்டும் ‘சிப்’ பொருத்தியிருப்பார்கள். அத்தகைய கருவி பிற மண்டல வட்டுகளையும் ஏற்கக்கூடும் என்றாலும், சிப்பின் வகையைப் பொறுத்தே அது அமையும். அதை நம்பி வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்தால் அங்கே மலிவாகத் தெரிந்தது இங்கே மலிவாக இராது.

பிஎஸ் 3-ஐப் பொறுத்தவரை, தொடக்க காலத்தில் வந்த சில மாதிரிகள் மட்டுமே பிஎஸ் 2 வட்டுகளைப் படிக்கும். 40 ஜிபி மாதிரி வந்ததிலிருந்து அந்த வசதி நீக்கப்பட்டது. மெல்லிய மாதிரிகள் எதிலும் அது இல்லை. “பிஎஸ் 3 தானே, பழையதெல்லாம் ஓடும்” என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் கண்முன்னே ஒரு பிஎஸ் 2 வட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிஎஸ் 4-உம் பிஎஸ் 5-உம் பிஎஸ் 2 வட்டுகளை அறவே படிப்பதில்லை.

தொலைக்காட்சி விஷயம் ஒன்று இருக்கிறது. வாங்குபவர் பெரும்பாலும் மறந்துவிடுவது. பிஎஸ் 2-இல் எச்டிஎம்ஐ இணைப்பு கிடையாது. புதிய தொலைக்காட்சியில் பழைய ஏவி துளைகள் இல்லையென்றால் மாற்றிக் கருவி வாங்க வேண்டும். மலிவான மாற்றிகள் படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டும். வாள் வீச்சில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஐந்தாம் முடிவில் தாளத்துக்கு இசைய மிகச் சரியான நொடியில் பொத்தானை அழுத்த வேண்டிய கட்டத்தில், அந்தச் சிறு தாமதம் பல மாத உழைப்பைத் தடுத்து நிறுத்தும். இயன்றவரை ஏவி அல்லது காம்பொனன்ட் துளை உள்ள தொலைக்காட்சியில் நேரடியாக இணைத்து, அதன் ‘கேம் மோட்’ வசதியை இயக்கி விளையாடுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய வட்டு அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வந்த பிறகு ஓடவில்லை என்றால் யாரிடம் போவது?

பதில்: டிராக்கன்கார்ட் டிவிடி வட்டில் வந்த விளையாட்டு. அசல் வட்டின் அடிப்புறம் வெள்ளி நிறத்தில் இருக்கும். வீட்டில் எழுதிய நகல் வட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊதாச் சாயல் காட்டும். அடுத்து, நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தை உற்றுப் பாருங்கள்: ஆலையில் அழுத்திய வட்டில் அங்கே மிக நுண்ணிய எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். நகல் விற்பவர்கள் அட்டைப்படத்தை அச்சு அசலாக அடித்துவிடுகிறார்கள். இந்த வளையத்தை அதே போல அமைப்பது அவ்வளவு எளிதன்று. கீறல்களைப் பொறுத்தவரை, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் கீறலைவிட, வட்டோடு சேர்ந்து வளைந்து ஓடும் கீறலே அதிகத் தொல்லை தரும்.

நேரில் வாங்கினால், தலைப்புத் திரை வந்ததோடு நிறைவடையாமல் முதல் கட்டத்தை முழுமையாக ஆடிப் பாருங்கள். தரையிலிருந்து வானுக்கு மாறும் இடத்திலும் காணொளிக் காட்சிகள் ஓடும் இடத்திலும் படம் நிற்காமல் நகர்ந்தால் பெரும்பாலும் நல்ல வட்டு. நின்றால், வட்டைப் பழிக்கும் முன் வேறொரு டிவிடி விளையாட்டைப் போட்டுப் பாருங்கள். வயதான பிஎஸ் 2-இல் லென்ஸ் தளர்ந்து, நீலநிற அடிப்புறம் கொண்ட சிடி விளையாட்டுகளை மட்டும் படித்து, டிவிடிகளை மறுப்பது வழக்கமாகக் காணும் கோளாறு. பதிவுகளைச் சேமிக்க மெமரி கார்டும் தேவை; அது வட்டோடு வராது.

இணையச் சந்தையில் வாங்கும்போது, விற்பவர் “எனக்கு நேரடியாக யூபிஐ-யில் அனுப்பிவிடுங்கள், விலையைக் குறைத்துத் தருகிறேன்” என்று சொன்னால் விலகிவிடுங்கள். அந்தத் தளத்தின் வழியாகவே பணம் செலுத்தினால்தான் பிறகு கேட்பதற்கு உங்களிடம் சான்று இருக்கும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால், சந்தைத் தளத்தின் வழியே விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ‘அசல்’ என்று எழுதி நகலை அனுப்பினாலும், ஐரோப்பியப் பதிப்பு என்று எழுதி அமெரிக்க வட்டை அனுப்பினாலும் இது பொருந்தும். எனவே விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே படமெடுத்து வையுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதையும் இடையறாமல் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அளியுங்கள். அவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தெரிந்தவர் மூலம் தனிநபரிடம் கைக்குக் கை ரொக்கமாக வாங்கும் இடத்தில் ரசீதும் இராது, முறையிடவும் வழி குறுகிவிடும்; அங்கே ஆடிப் பார்த்து வாங்குவதே உங்களுக்கு உள்ள பாதுகாப்பு.

கேள்வி: என்னிடம் பிஎஸ் 2 இல்லை. இந்த விளையாட்டுக்காக ஒன்று வாங்க வேண்டுமா? கணினியிலோ பிஎஸ் 3-இலோ இதே அனுபவம் கிடைக்குமா?

பதில்: இந்த ஒரே விளையாட்டுக்காகக் கருவி, மெமரி கார்டு, மாற்றி, வட்டு எல்லாவற்றையும் தேடி வாங்குவது வீண் செலவு. கணினி இருந்தால் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் உருவாக்கிய ‘டிவினிட்டி 2: டெவலப்பர்ஸ் கட்’ பக்கம் போங்கள். 2009-இல் வந்த விளையாட்டையும் அதன் தொடர்ச்சியையும் சேர்த்து 2012-இல் வெளியிட்ட பதிப்பு இது. டிராகன்களை வேட்டையாடக் கிளம்பிய நாயகனே டிராகனாக உருமாறும் ஆற்றலைப் பெறுகிறான். வாள், வில், மந்திரம் எல்லாம் உண்டு. எழுத்தும் மிகத் தரமானது. ஆனால் முன்பு சொன்ன அளவுகோலை வைத்தால் ஒரு குறை தெளிவாகத் தெரியும்: டிராகனாக மாறிய உடனே தரையில் இருந்த எதிரிகள் காட்சியிலிருந்து மறைந்துவிடுவார்கள், வானிலிருந்து அவர்களை எரிக்க முடியாது. வானுக்கும் தரைக்கும் இடையே சுவர் எழுப்பிவிட்டார்கள். இதை அறிந்துகொண்டு வாங்கினால் மனக்குறை இராது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாள்களுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதே போன்ற ஜிஓஜி தளம் 30 நாள் அவகாசம் தருவதோடு, பூட்டு இல்லாத நிறுவல் கோப்பையும் தருகிறது; உங்கள் வன்தட்டில் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் ஜிஓஜியையே தேர்வேன்.

பிஎஸ் 3 வைத்திருப்பவருக்கு ‘டிராக்கன்கார்ட் 3’ உண்டு. பிஎஸ் 3 வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லாததால் எந்த நாட்டு வட்டும் ஓடும். கூடுதல் அத்தியாயங்களை மட்டும் வட்டின் மண்டலத்துக்குரிய கணக்கிலேயே வாங்க வேண்டும். ஐரோப்பாவில் அதன் வட்டைப் பொதுக் கடைகளுக்குத் தராமல் ஸ்கொயர் எனிக்ஸ் தன் சொந்த இணையக் கடையில் மட்டும் விற்றது. அதனால் ஐரோப்பிய வட்டைத் தேடி அலைவதைவிட அமெரிக்க வட்டை வாங்குவது எளிது. நெரிசலான சண்டைகளில் படம் தடுமாறும். டிராகன் பயணமும் முதல் பாகத்தைவிடக் குறைவு. அதே கருவிக்கு 2007-இல் வந்த ‘லேர்’ முழுக்க முழுக்க டிராகன் விளையாட்டு. வாளுக்காக அதை வாங்க வேண்டாம். வாங்கினால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: கண்ட்ரோலரைச் சாய்த்துப் பறக்கும் முறைக்கு மாற்றாகக் குச்சியால் இயக்கும் வசதி 2008-இல் வந்த இணைப்புக் கோப்பில்தான் சேர்க்கப்பட்டது. வட்டில் அது இல்லை, கருவியை இணையத்தில் இணைத்துப் பதிவிறக்க வேண்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. டிராகன் என்றால் உயிர். டிராக்கன்கார்ட் வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கப் பதிப்பின் அட்டையில் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கான ‘எம்’ முத்திரை இருக்கிறது. அது வெறும் சடங்குக்காக ஒட்டியதன்று. போருக்கு இழுத்து வரப்பட்ட சிறுவர்கள் களத்தில் எதிரிகளாக நிற்கும் கட்டம் ஒன்று கதையில் வருகிறது. நாயகனே கொலையில் இன்பம் காண்பவன். பெரியவர்களையே உலுக்கும் கதை இது. அவனுக்காக எதை வாங்கினாலும், அட்டையின் முன்பக்க மூலையில் உள்ள வயது முத்திரையையும் பின்புறத்தில் உள்ள உள்ளடக்கக் குறிப்பையும் கடையிலேயே நின்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். உறையைப் பிரித்த பிறகு பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவதில்லை.