தொழில்நுட்பக் குழுவின் பேச்சுக்கு மடற்குழுவா, இணைய மன்றமா?

"மடற்குழுவை மூடிவிட்டு இணைய மன்றத்துக்குப் போகலாம் என்றால் எங்கள் குழுவில் பழைய ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போவது மடற்குழு; ஓர் இணையப் பக்கத்தில் பதிவிட்டுப் பேசுவது மன்றம். இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நின்றவன் நான். மாறியே தீர வேண்டும் என்று எங்கள் குழுவில் முதலில் வாதாடியது நான்தான். மாறிய பிறகு நாலு வருஷப் பேச்சு ஒரே நாளில் காணாமல் போனபோது பதில் சொல்ல வேண்டியிருந்ததும் எனக்குத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு கட்டற்ற மென்பொருளை (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியதை) சுற்றிச் சேர்ந்த சில நூறு பேர், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவரோ இருவரோ என்று உங்கள் நிலைமையை ஊகித்துக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் குழு என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது.

எங்களுடையது படக்கோப்புகளைப் படித்து எழுத உதவும் ஒரு சிறிய நிரல் நூலகம். 2009-இல் மெயில்மேன் மென்பொருளை நிறுவி மடற்குழு தொடங்கினோம். ஐந்து வருஷம் நன்றாகவே ஓடியது. மடலுக்கு மடல் தனி அடையாள எண் உண்டு; பதில் எழுதினால் எந்த மடலுக்குப் பதில் என்பதும் தலைப்பகுதியில் கூடவே போகும். அதை வைத்து மின்னஞ்சல் செயலி இழையை, அதாவது ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த பேச்சை, கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும். ஒரு கேள்வியிலிருந்து மூன்று பேச்சு கிளம்பினாலும், யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில் குழப்பம் வராது. பெரும்பாலான மன்றங்களில் எல்லாப் பதிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாகத்தான் வரும். நாற்பது பதில் தாண்டிய இழையைப் படித்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

அப்புறம் 2014 ஏப்ரல் வந்தது. ஒரு பெரிய மின்னஞ்சல் நிறுவனம், தன் முகவரியைப் போட்டு வேறு சர்வரிலிருந்து வரும் மடல்களை நிராகரித்துவிடுங்கள் என்று உலகத்துக்கே அறிவித்தது. டிமார்க் என்று அந்த விதிமுறைக்குப் பெயர். போலி மடல்களைத் தடுக்கக் கொண்டுவந்ததுதான், நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் மடற்குழு செய்யும் வேலையே அதுதானே: உறுப்பினர் பெயரில் வந்த மடலை வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்த்து, கீழே இரண்டு வரி ஒட்டி, தன் சர்வரிலிருந்து எல்லோருக்கும் அனுப்புவது. ஒரு வரி ஒட்டினாலே, மடல் வழியில் மாறவில்லை என்று காட்ட அதனோடு வந்த மின்கையொப்பம் செல்லாமல் போய்விடும்.

விளைவு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் முகவரி வைத்திருந்த ஒருவர் மடல் எழுதுவார். அதைப் பெற வேண்டிய மற்றவர்களின் சர்வர்கள் திருப்பி அனுப்பும். திரும்பி வந்த மடல்களை எண்ணிக்கொண்டிருந்த மெயில்மேன், "இந்த முகவரிகள் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டி, வாங்குபவர்களின் உறுப்பினர் கணக்கை முடக்கிவிடும். எந்தத் தப்பும் செய்யாத எழுபது எண்பது பேர் ஒரே வாரத்தில் குழுவிலிருந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. பேச்சு அடங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். இப்படி அறிவித்த நிறுவனங்களின் மடல்களில் மட்டும் அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றிப்போடும் வசதி பிறகு மெயில்மேனில் வந்தது. அதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

2015-இல் மன்றத்துக்கு மாறினோம். இலவசமாக மன்றம் நடத்தித் தந்த ஒரு நிறுவனத்தின் சேவை அது. மாறியதில் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பு வாய் திறக்காதவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மடற்குழுவில் சேர்ந்தால் அஞ்சல் பெட்டி நிரம்பிவிடுமோ, வெறும் எழுத்தாக அனுப்பாவிட்டால் திட்டுவார்களோ, பதிலை மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்ற பயம் புதியவர்களுக்கு நிஜமாகவே உண்டு. மன்றத்தில் நிரல் துண்டை வண்ணத்தோடு ஒட்டலாம், படம் போடலாம், எழுதிய தப்பைத் திருத்தலாம். கைப்பேசியிலிருந்து எழுதுபவருக்கு அது பெரிய விஷயம்.

"லினக்ஸ் கெர்னலே இன்றைக்கும் மடற்குழுவில்தானே நடக்கிறது?" என்று இந்தப் பதிலுக்குக் கீழே யாராவது வந்து கேட்பார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அப்படித்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. அங்கே பேட்ச் (நிரலில் செய்ய வேண்டிய மாற்றம்) என்பதே ஒரு மடல். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஒரு கட்டளை கொடுத்தால் அது மடலாகப் போகும், இன்னொரு கட்டளையில் பராமரிப்பாளர் அதை அப்படியே நிரலில் சேர்த்துக்கொள்வார். மடலின் வரிகளை மேற்கோள் காட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே கருத்து எழுதித்தான் அங்கே பரிசீலனை நடக்கிறது. அந்த வேலைக்கு மடலைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. ஆனால் எச்டிஎம்எல் மடல் (வண்ணம், எழுத்துரு எல்லாம் சேர்ந்தது) அனுப்பினால் அந்தச் சர்வர் வாங்காது. அந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டு வருபவர்களுக்கான இடம் அது. உங்கள் குழுவுக்குக் கேள்வியோடு முதல்முறை வருபவர் அந்த வகையா என்று பாருங்கள். மறுபக்கமும் சின்னக் கூட்டமில்லை: நிரல்மொழிகளை மொழிமாற்றும் கருவிகளான எல்எல்விஎம், லினக்ஸின் திரைச்சூழலான க்னோம் இரண்டும் 2022-இல் மடற்குழுக்களை விட்டு, டிஸ்கோர்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மன்றத்துக்குப் போயின. பைத்தான் நிரல்மொழிக்காரர்களும் அதே பாதையில்தான் போனார்கள். எனவே பழைய ஆட்கள் எல்லாம் மடல், புதிய ஆட்கள் எல்லாம் மன்றம் என்று பிரிப்பது சரியல்ல.

இனி எங்கள் கதை. 2019-இல் அந்த இலவசச் சேவையை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. முப்பது நாள் அவகாசம் கொடுத்து ஒரு மடல் அனுப்பியிருந்தார்கள். அது போய்ச் சேர்ந்த முகவரி, இரண்டு வருஷம் முன்பே குழுவை விட்டு விலகிய ஒரு நிர்வாகியுடையது. நான் ஒரு காலை மன்றத்தைத் திறந்தபோது வெற்றுப் பக்கம்தான் இருந்தது. எழுதிக் கேட்டேன், தரவு அழிக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எங்களிடம் காப்பு நகல் இல்லை. முழு நகல் எடுக்கும் வசதி இலவசத் திட்டத்தில் இல்லை என்பதை மாறும்போது நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காப்பாற்றியது மின்னஞ்சல்தான். மன்றத்தில் வரும் ஒவ்வொரு பதிவையும் மடலாக அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது. மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்த ஓர் அம்மா, மன்றத்துக்குள் வராமலேயே அந்த வழியில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். எதையும் அழிப்பது அவர் வழக்கமில்லை. நாலு வருஷ மடல்களை ஒரே எம்பாக்ஸ் கோப்பாக (பல மடல்களைச் சேர்த்துவைக்கும் கோப்பு வடிவம் அது) சுருக்கி அனுப்பினார். கூடவே ஒரு வரி: "எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்." என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால் நியாயம்தான். ஒரு சொல் கூடச் சொல்லவில்லை.

எல்லாம் இருக்கவில்லை. படங்கள் மடலில் வெறும் சுட்டிகளாக வந்திருந்தன. அவை போன இடம் செத்துப்போயிருந்தது. அதைவிட மோசமானது திருத்தங்கள். மன்றத்தில் ஒருவர் பதிவிட்டவுடன் மடல் போய்விடும். அவர் அரை மணி நேரம் கழித்துத் திருத்தினால், திருத்தம் மடலில் வராது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். படக்கோப்போடு கேமரா சேர்த்துவைக்கும் எக்ஸிஃப் தகவலில் படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல 1 முதல் 8 வரை மதிப்புகள் உண்டு. 6 என்றால் படத்தைக் காட்டும்போது வலப்பக்கம் 90 பாகை திருப்ப வேண்டும், 8 என்றால் இடப்பக்கம் 90 பாகை. ஓர் உறுப்பினர் எட்டையும் விளக்கி அருமையான பதிவு ஒன்று எழுதியிருந்தார். முதலில் 6-ஐயும் 8-ஐயும் மாற்றி எழுதிவிட்டு, பிறகு திருத்தினார். எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது திருத்தாத வடிவம். அடுத்த வருஷம் ஒரு மாணவர் அந்தக் காப்பகத்தைப் படித்து, நம்பி, அதன்படி ஒரு பேட்ச் அனுப்பினார். பரிசீலித்தவரும் அதே பதிவைப் பார்த்துச் சரி என்றார். கைப்பேசியில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமெல்லாம் தலைகீழாகத் திறந்தன. அந்த மாணவர் மன்னிப்புக் கேட்டு எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன். அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எம்பாக்ஸ் கோப்பைப் பிரித்து, இழைகளாகக் கோத்து, படிக்கிற பக்கங்களாக மாற்றிக் கொடுத்தது வேறொருவர். ஏழெட்டு வாரக் கடைசிகளை அதற்கே செலவழித்தார். அடுத்த பதிப்பு வெளியானபோது நன்றிப் பட்டியலில் அவர் பெயரும் இல்லை, கோப்பைத் தந்த அம்மாவின் பெயரும் இல்லை. நிரலில் மாற்றம் செய்தவர்களின் பெயரைத் தானாகத் திரட்டிய பட்டியல் அது. காற்புள்ளி ஒன்றைத் திருத்தியவர் பெயர் அதில் இருக்கிறது. நான் சண்டை போட்டு அதற்கும் அடுத்த பதிப்பில்தான் சேர்க்க முடிந்தது. ஆவணம் எழுதுபவர், சந்தேகம் தீர்ப்பவர், ஸ்பேம் களைபவர், மட்டுறுத்துநர் என்று குழுவைத் தாங்குகிற பாதிப்பேர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அவர்கள் சொல்லாமல் போய்விடுவார்கள், போன பிறகுதான் நமக்குத் தெரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சந்தேகம் கேட்கவும் புதியவர்களை வரவேற்கவும் மன்றம் வையுங்கள். பேட்ச் மடலில் நடக்கிற குழு என்றால் அதை மட்டும் தொடாதீர்கள். மன்றத்தை உங்கள் சொந்த டொமைனில் (இணைய முகவரியில்) வையுங்கள். அதன் கடவுச்சொல்லும், புதுப்பிக்கும் தேதியும் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்கட்டும். மடலிலேயே படித்து மடலிலேயே பதில் எழுதும் வசதியைத் திறந்துவிடுங்கள். டிஸ்கோர்ஸில் அது இருக்கிறது. உங்கள் பழைய ஆட்களில் பலர் அதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். மாதம் ஒருமுறை, திருத்தங்கள் சேர்ந்த கடைசி வடிவத்தில், எல்லாப் பதிவுகளையும் படங்களோடு ஒரே கோப்பாக யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். காப்பு நகல் எடுத்தால் போதாது, காலியான சர்வரில் அதை ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் நகலை ஏற்றியபோது படங்கள் இருந்த கோப்புறை அதில் சேரவே இல்லை.

உடனடி அரட்டைச் செயலிக்கு மொத்தமாக மாறலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பேசியது தேடுபொறியில் வராது. அதே கேள்விக்கு அதே பதிலை வாரம் இரண்டு முறை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் பழைய மடல்களின் காப்பகம் இப்போது யாரிடம் இருக்கிறது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேள்வியில் சொல்லவில்லை. அதைச் சேர்த்துவிடுங்கள். எம்பாக்ஸாக இருந்தால் மன்றத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று இதே பதிலில் கீழே எழுதுகிறேன்.