கோடு எங்கே போடுவது?

கேள்வி: அமெரிக்காவில் டாங்கியைக்கூட விலைக்கு வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாமாமே? அப்படியென்றால் பொதுமக்கள் வைத்திருக்கும் ராணுவ ஆயுதத்துக்கு எங்கேதான் கோடு போடுவது? - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வாங்கலாம்தான். ஆனால் பீரங்கி சுடாதபடி செய்திருக்க வேண்டும். சுடுகிற பீரங்கிதான் வேண்டுமென்றால் அரசிடம் பதிவு செய்து 200 டாலர் வரி கட்டணும். வெடிக்கிற குண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக இன்னொரு 200. டாங்கியை விடுங்கள், தொல்லையெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு போகிற துப்பாக்கியில்தான்.

அந்த 200 டாலர் வரி வந்தது 1934-ல். சிகாகோ தாதாக்கள் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியோடு திரிந்த காலம். துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். 1986 மே மாதத்துக்குப் பிறகு தயாரான இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. கோடு போட்டாயிற்றே என்பீர்கள். போட்ட இடம்தான் தப்பு. விசையை ஒரு தடவை இழுத்தால் பல தோட்டா பாய்ந்தால்தான் சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி. இந்தச் சந்தில் புகுந்து வந்ததுதான் ‘பம்ப் ஸ்டாக்’ என்று துப்பாக்கியின் பின்கட்டையாக மாட்டுகிற கருவி. துப்பாக்கி பின்னால் உதைக்கிற வேகத்திலேயே விசை விரலில் வந்து வந்து மோதும். ஒரு மோதலுக்கு ஒரு தோட்டாதான் என்பதால் சட்டத்தின் கோட்டுக்குள் வராது என்பது வாதம். 2017-ல் லாஸ் வேகஸ் ஹோட்டலின் 32ஆவது மாடியிலிருந்து இதை மாட்டிச் சுட்டான் ஒருவன். பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேல் தோட்டாக்கள், 60 உயிர்கள்.

டிரம்ப் அரசே அதைத் தடை செய்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தடையைத் தூக்கிவிட்டது. தீர்ப்பில் நீதிபதி தாமஸ், விசையின் உள்பாகங்களைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். பாலிடெக்னிக் பாடப்புத்தகம் தோற்றது! வாத்து மாதிரி நடந்து, நீந்தி, கத்தினால் அதை வாத்து என்றுதான் சொல்வேன் என்று மறுத்து எழுதினார் நீதிபதி சோட்டோமேயர்.

என்னைக் கேட்டால், விரலை விட்டுவிட்டு மேகசினில் கோடு போடலாம். (தோட்டாக்களை அடைத்துத் துப்பாக்கியில் மாட்டுகிற மேகசின், உங்கள் கையில் இருப்பது அல்ல.) 1994-ல் போட்டார்கள்: புதிதாகத் தயாராகும் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. பத்தாண்டு ஆனதும் 2004-ல் சட்டத்தைக் காலாவதியாக விட்டார்கள்.

2011-ல் டூசான் நகரில் எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸைச் சுட்டவன் வைத்திருந்தது 33 தோட்டா மேகசின். அது தீர்ந்து அடுத்ததை மாட்டுகிற இடைவெளியில்தான் அங்கிருந்தவர்கள் பாய்ந்து அமுக்கினார்கள். அதற்குள் ஆறு பேர் போய்விட்டார்கள். அதில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவள்மேல் பாய்ந்தது 13ஆவது தோட்டா என்று 2013-ல் செனட் குழு முன்னால் சொன்னார் கிஃபர்ட்ஸின் கணவர் மார்க் கெல்லி.